மாற்று ஏர் இன்டேக் போட்டால் கீழ் ஆர்பிஎம் இழுவை என்ன ஆகும்? மாட்டும் முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

வண்டியோடு வந்த கம்பெனி ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, திறந்த கூம்பு ஃபில்டர் மாட்டி முதல்முறை வண்டியை எடுத்த அன்று, கார் பறப்பது போலத்தான் எனக்கும் இருந்தது. ஆக்சிலரேட்டரைத் தொட்டாலே பானெட்டுக்குள் ஓர் உறுமல். இரண்டு வாரம் கழித்து, வழக்கமாக மூன்றாவது கியரில் ஏறும் ஒரு மேட்டில் இரண்டாவதுக்கு இறக்க வேண்டியிருந்தது. அதே மேடு, அதே வண்டி, அதே நான். அப்புறம்தான் செல்போனில் ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று) காட்டும் முள்ளைப் படம்பிடித்து நொடிகளை எண்ணினேன். உறுமல் கூடியிருந்தது, இழுவை கூடவில்லை. நெரிசலில் நின்று கிளம்பும்போது குறைந்தே இருந்தது.

இந்த வழிகாட்டி அந்த இடத்தைப் பற்றியதுதான்: 1500 முதல் 3000 ஆர்பிஎம் வரை, அன்றாடம் நாம் ஓட்டும் பகுதி. 6000-இல் எத்தனை குதிரைத்திறன் கூடுகிறது என்பது வேறு கதை. அங்கே நல்ல இன்டேக் கொஞ்சம் உதவக்கூடும். கீழே என்ன நடக்கிறது, உங்கள் வண்டியில் அதை எப்படி அளப்பது, மாட்டுவதானால் இழுவை போகாமல் எப்படி மாட்டுவது என்பதை வரிசையாகப் பார்க்கலாம். உதாரணத்துக்கு டர்போ (காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் விசிறி) இல்லாத 1.5 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினை வைத்துக்கொள்கிறேன். டர்போவுக்கும் டீசலுக்கும் பின்னால் தனியாக ஒரு பகுதி இருக்கிறது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் முழுக் கொள்ளளவுக்குக் காற்றை இழுக்கிறது. 1.5 லிட்டர் இன்ஜின் 2000 ஆர்பிஎம்மில் முழு த்ராட்டிலில், அதாவது ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துப் போனால், சிலிண்டர் 80 சதவீதம் நிரம்புவதாக வைத்தால், நிமிடத்துக்கு 1200 லிட்டர். அதாவது நொடிக்கு 20 லிட்டர். 6000 ஆர்பிஎம்மில் அதுவே நொடிக்கு 60 லிட்டர் ஆகிவிடும்.

காற்று போகும் வழியில் உள்ள தடை இந்த ஓட்டத்தைப் பொறுத்தது. வளைவுகளிலும் குறுகலான வாய்களிலும் அழுத்த இழப்பு ஓட்டத்தின் இருமடியாக ஏறும்: ஓட்டம் மூன்று மடங்கானால் இழப்பு ஒன்பது மடங்கு. ஃபில்டர் காகிதத்தில் மட்டும் ஏறக்குறைய நேர்விகிதம்: மூன்று மடங்குக்கு மூன்று மடங்கு. கம்பெனி இன்டேக் முழுவதும் சேர்த்து 6000 ஆர்பிஎம்மில் 3 கிலோபாஸ்கல் இழக்கிறது என்று வைத்துக்கொண்டால், 2000-இல் அந்த இழப்பு 0.33-க்கும் 1-க்கும் இடையில் எங்கோ இருக்கும். வளிமண்டல அழுத்தம் 101 கிலோபாஸ்கல். ஆக, உலகத்திலேயே சிறந்த இன்டேக்கை மாட்டி அந்தத் தடையை முழுக்க ஒழித்தாலும் 2000 ஆர்பிஎம்மில் கிடைப்பது ஒரு சதவீதத்துக்குள்தான். அதைக் காலால் உணர முடியாது.

இது முழு த்ராட்டிலில். பாதி மிதிக்கும்போது இன்னும் மோசம். அப்போது காற்றை மறிப்பது ஃபில்டர் அல்ல, காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தகடு. ஐடிலில் (வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓடும்போது) அந்தத் தகட்டுக்குப் பின்னால், காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் மேனிஃபோல்டில் அழுத்தம் 30, 40 கிலோபாஸ்கல்தான் இருக்கும். அறுபது கிலோபாஸ்கலைத் தகடே தின்றுகொண்டிருக்க, அதற்கு முன்னால் உள்ள ஃபில்டரில் அரை கிலோபாஸ்கலை மிச்சப்படுத்தி என்ன ஆகப்போகிறது? போதாக்குறைக்கு இன்றைய கார்களில் ஆக்சிலரேட்டருக்கும் தகட்டுக்கும் இடையே கேபிள் கிடையாது. நீங்கள் மிதிப்பதை இவ்வளவு டார்க் (சுழற்றும் விசை) வேண்டும் என்ற கோரிக்கையாகத்தான் இன்ஜினை ஆளும் கணினியான ஈசியு எடுத்துக்கொள்கிறது. காற்று எளிதாக வந்தால் தகட்டை ஒரு மயிரிழை குறைவாகத் திறந்து, அதே டார்க்கைக் கொடுத்துவிட்டுப் போய்விடும்.

அப்படியானால் கீழே இழுவை ஏறவும் செய்யாது, குறையவும் செய்யாதே? ஏறாது என்பது சரி. குறைவதற்குத்தான் மூன்று வழிகள் இருக்கின்றன.

இழுவை போகும் மூன்று வழிகள்

*சூடு.* மூன்றில் பெரியது இதுதான். கம்பெனி பெட்டியின் மூக்குக்குழாயைக் கவனித்துப் பாருங்கள். முன் கிரில்லுக்குப் பின்னாலோ ஹெட்லைட்டுக்குப் பக்கத்திலோ, ரேடியேட்டருக்கு முன்பக்கம் வாயை நீட்டிக்கொண்டிருக்கும். வெளிக்காற்றை உறிஞ்சத்தான் அந்த ஏற்பாடு. அதைக் கழற்றிவிட்டுக் குட்டைக் குழாயில் திறந்த கூம்பை மாட்டினால், அது இன்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரேடியேட்டர் ஃபேன் தள்ளும் சூடான காற்றைக் குடிக்கும். பத்து நிமிடம் நெரிசலில் நின்றுவிட்டுப் பானெட்டைத் திறந்து கூம்பின் உலோக மூடியில் விரலை வையுங்கள், அதாவது வைக்க முடிந்தால்.

30 டிகிரிக் காற்று 60 டிகிரியாகிவிட்டால் அடர்த்தி 9 சதவீதம் குறைகிறது. கெல்வினில் 303-ஐ 333-ஆல் வகுத்தால் வருவது அது. டார்க் அப்படியே 9 சதவீதம் விழாது. போகும் வழியில் போர்ட்டும் (சிலிண்டருக்குள் காற்று நுழையும் வாய்) வால்வும் காற்றை எப்படியும் சூடாக்கத்தான் செய்கின்றன. இன்ஜின் திறனை அளக்கும் டைனோ கருவியின் பல திருத்தக் கணக்குகளில் வெப்பநிலை விகிதத்துக்குச் சதுரமூலம் எடுப்பது இதனால்தான். அப்படிப் பார்த்தாலும் 5 சதவீதத்தை ஒட்டி இழப்பு வருகிறது. இதற்கு மேல், உள்ளே வரும் காற்று சூடு என்று தெரிந்ததும் நாக்கிங் (கலவை தானாக வெடித்து இன்ஜின் தட்டுவது) வராமலிருக்க ஈசியு ஸ்பார்க்கைப் பின்னுக்குத் தள்ளும், அதாவது தாமதமாக விடும். கீழ் ஆர்பிஎம், முழு த்ராட்டில் என்பதுதான் நாக்கிங்குக்கு மிகப் பிடித்த இடம். அங்கே ஸ்பார்க் கிராங்க் சுழலும் கோணத்தில் இரண்டு மூன்று டிகிரி பின்னால் போனாலும் வண்டி சோம்பேறியாகிவிட்டது தெரியும்.

கீழே சூடு அதிகம் கடிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு மீட்டர் நீளம், 60 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயில் 2.8 லிட்டர் காற்று பிடிக்கும். 2000 ஆர்பிஎம்மில் முழு த்ராட்டிலில் அதைக் கடக்கக் காற்றுக்கு 0.14 நொடி போதும். ஐடிலில் ஏறக்குறைய ஒரு நொடி ஆகும். சூடான குழாயில் அவ்வளவு நேரம் தங்கிவிட்டு உள்ளே போகும் காற்றோடுதான் சிக்னலில் கிளம்புகிறோம். பளபள அலுமினியக் குழாய் பார்க்க அழகு, ஆனால் கம்பெனி பிளாஸ்டிக்கைவிட வேகமாகச் சூட்டை வாங்கி உள்ளே கடத்தும்.

*அலை.* ஒரு பாட்டிலின் வாயில் ஊதினால் ஊம்ம் என்று ஒரே சுருதியில் சத்தம் வரும். உள்ளே இருக்கும் காற்று ஸ்பிரிங் போல அமுங்கி விரிவதால் வருவது அது. 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் இயற்பியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸின் பெயரால் இதை அழைக்கிறார்கள். ஏர் பெட்டியும் அதன் மூக்குக்குழாயும் சேர்ந்து இப்படி ஒரு பாட்டில்தான். இன்டேக் வால்வு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் குழாயில் ஓர் அலை ஓடித் திரும்புகிறது. திரும்பும் அலை வால்வு மூடும் நேரத்தில் வந்து சேர்ந்தால் கூடுதல் காற்றைத் தள்ளிவிட்டுப் போகும்.

நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு உறிஞ்சல். 2600 ஆர்பிஎம்மில் நொடிக்கு 87. ஒரு முனை திறந்த ஒரு மீட்டர்க் குழாயின் இயல்பான அதிர்வும் நொடிக்கு 86 அளவில்தான் வருகிறது, காற்றில் ஒலி நொடிக்கு 345 மீட்டர் போவதாகக் கொண்டால். குழாயை 40 சென்டிமீட்டராகக் குறைத்தால் அது 215-க்கு ஏறி, பொருந்தும் இடம் 6400 ஆர்பிஎம் பக்கம் போய்விடுகிறது. பெட்டியின் கொள்ளளவு, த்ராட்டில், மேனிஃபோல்டு எல்லாம் இந்த எண்ணை அசைக்கும் என்பதால், திசை காட்டும் கணக்காக மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள். திசை இதுதான்: நீளம் கீழ் ஆர்பிஎம்முக்கு உதவும், குட்டை மேல் ஆர்பிஎம்முக்கு உதவும்.

இதை நம்பித்தான் வண்டிக் கம்பெனிகள் நீளம் மாறும் மேனிஃபோல்டுகளைச் செய்தார்கள். 1991-இல் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தை வென்ற மஸ்டா 787பி-யின் ரோட்டரி இன்ஜினில் இன்டேக் குழல்கள் ஆர்பிஎம்முக்கு ஏற்ப நீண்டு சுருங்கின. 2001-இல் வந்த பிஎம்டபிள்யூ 745ஐ-யின் வி8 இன்ஜினிலும் நீளம் தொடர்ச்சியாக மாறும் இன்டேக் இருந்தது. ஆனால் ஒன்று: அவை ஒவ்வொரு சிலிண்டருக்கோ ரோட்டருக்கோ தனித்தனியாக, போர்ட்டை ஒட்டிய குழல்கள். அலை அங்கேதான் வலுவாக வேலை செய்யும். நாம் மாற்றுவது த்ராட்டிலுக்கு முன்னால் உள்ள குழாய். மேனிஃபோல்டின் பொது அறை அலையைப் பாதி அமுக்கிவிடுவதால் இங்கே விளைவு சிறியது. ஆர்பிஎம் வரைபடத்தில் ஓர் இடத்தில் சின்னக் குழி, இன்னோர் இடத்தில் சின்ன மேடு என்று வரும். அந்தக் குழி 2500-இல் விழுந்தால் உங்களுக்குத் துரதிர்ஷ்டம்.

மூக்குக்குழாயில் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் காலிப் பிளாஸ்டிக் டப்பாக்களை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அவை பெரும்பாலும் சத்தத்தை அடக்க வைத்தவை. கழற்றினால் இரைச்சல் கூடும், வேறொன்றும் பெரிதாக நடக்காது.

*தப்பான அளவு.* உங்கள் காரில் மாஃப் சென்சார், அதாவது உள்ளே போகும் காற்றை அளக்கும் சூடான கம்பி இருந்தால், இது உங்களுக்கு. ஃபில்டருக்கு அடுத்துள்ள குழாயில் நடுவாக ஒரு பிளாஸ்டிக் நாக்கு தொங்கும். அதன் சிறு ஜன்னலுக்குள் தலைமுடி போன்ற கம்பியோ மெல்லிய தகடோ இருக்கும். அதைக் கடக்கும் காற்று அதைக் குளிர்விக்கிறது. எவ்வளவு குளிர்கிறது என்பதை வைத்து மொத்தக் காற்றை ஈசியு ஊகிக்கிறது. அந்த ஊகம் அந்தக் குழாயின் உள்விட்டத்துக்கு மட்டுமே சரி.

60 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் 66 வைத்தால் பரப்பு 21 சதவீதம் கூடுகிறது. அதே காற்று மெதுவாகப் போகிறது. சென்சார் 17 சதவீதம் குறைவாகச் சொல்கிறது. ஈசியு பெட்ரோலைக் குறைத்து ஊற்றுகிறது. புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து ஈசியு திருத்தினாலும், முழு த்ராட்டிலில் பல கார்களில் அந்த உடனடித் திருத்தம் நின்றுவிடும். இதைவிட நுணுக்கமான கேடு ஒன்று உண்டு. காற்று குறைவு என்றால் பாரம் குறைவு என்று ஈசியு நினைக்கும். பாரம் குறைவென்றால் ஸ்பார்க்கை முன்னுக்குத் தள்ளலாம் என்று தள்ளும். 1800 ஆர்பிஎம்மில் ஏற்றத்தில் மிதித்தால் நாக்கிங் வரும். நாக் சென்சார் அலறும். ஸ்பார்க் படாரென்று பின்னால் போகும். கிளம்பும்போது ஒரு கணம் தொய்கிறதே என்று பலர் புலம்புவதற்கு இது ஒரு காரணம்.

மாஃப் இல்லாமல் மேனிஃபோல்டு அழுத்தத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடும் கார்களில் இந்தத் தொல்லை இல்லை. குழாய் விட்டம் மாறினாலும் அந்தக் கணக்கு கெடாது.

பெரிய குழாயில் காற்று வேகம் குறைந்து இழுவை போகுமா?

அடிக்கடி கேட்கும் விளக்கம் இது. பாதி உண்மை. வால்வை ஒட்டிய குழல்களில் காற்றின் வேகம் முக்கியம்தான். த்ராட்டிலுக்கு முன்னால் அவ்வளவு இல்லை. நொடிக்கு 20 லிட்டர் ஓட்டத்தில் 60 மில்லிமீட்டர்க் குழாயில் காற்று நொடிக்கு 7 மீட்டர் போகும், 76 மில்லிமீட்டரில் 4.4 மீட்டர். இரண்டுமே மெல்லிய தென்றல். பெரிய குழாய் மாட்டி இழுவை போனால், மேலே சொன்ன மூன்றில் ஒன்றைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

இதன் தம்பி, முன்னால் வாய் வைத்தால் ஓடும் வேகத்திலேயே காற்று உள்ளே திணிக்கப்படும் என்ற பேச்சு. மணிக்கு 100 கிலோமீட்டரில் அந்தத் திணிப்பு 0.46 கிலோபாஸ்கல், அரை சதவீதம்கூட இல்லை. 30 கிலோமீட்டரில் பேச்சுக்கே இடமில்லை. முன்னால் வாய் வைப்பதன் பலன் குளிர்ந்த காற்றுதான்.

படி 1: இருப்பதை முதலில் சரிசெய்யுங்கள்

இழுவை குறைவு என்று இன்டேக் தேடுபவர்களின் பெட்டியைத் திறந்தால் பல நேரம் காரணம் அங்கேயே இருக்கும். ஃபில்டரின் மடிப்புகளில் மண், மூக்குக்குழாயின் வாயில் சருகு. ஒருமுறை எலிக்கூட்டையே பார்த்திருக்கிறேன், பஞ்சும் நூலுமாக, நன்றாகத்தான் கட்டியிருந்தது. புது காகித ஃபில்டர், சுத்தமான த்ராட்டில் பாடி, காலாவதியாகாத ஸ்பார்க் பிளக், சரியான டயர் காற்று. இவை இல்லாமல் செய்யும் எந்தச் சோதனையும் வீண். அழுக்கு ஃபில்டரை எடுத்துவிட்டுப் புது இன்டேக்கை மாட்டி, வித்தியாசம் தெரிகிறது என்று சொல்வது கணக்கில் சேராது.

படி 2: தடையை நீரால் அளந்து பாருங்கள்

செலவே இல்லாத சோதனை இது, எனக்கு மிகப் பிடித்ததும்கூட. இரண்டு மீட்டர் மெல்லிய, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பலகையில் யூ வடிவில் வளைத்துக் கட்டி, பாதிக்கு நிறமிட்ட தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனை திறந்திருக்கட்டும். மற்ற முனையை ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் இடையே இன்டேக் குழாயோடு இணையுங்கள். இன்ஜினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்குக் கொண்டுவரும் பிரீதர் குழாய் சேரும் இடத்தில் ஒரு டி இணைப்பு போட்டால் போதும். பலகையைப் பக்கத்து சீட்டில் இருப்பவர் நிமிர்த்திப் பிடிக்கட்டும்.

மூன்றாவது கியரில் முழுக்க மிதிக்கும்போது நீர் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும். இரண்டு மட்டங்களுக்கும் இடையே 10 சென்டிமீட்டர் என்றால் ஏறக்குறைய 1 கிலோபாஸ்கல். யூ-வின் கைகள் உயரமாக இருக்க வேண்டும், அரை மீட்டராவது. இல்லாவிட்டால் தண்ணீர் இன்ஜினுக்குள் போய்விடும். 2000 ஆர்பிஎம்மில் மட்டம் ஓரிரு விரற்கடைகூட நகரவில்லை என்றால், உங்களுக்கான பதில் கிடைத்துவிட்டது. கீழ் இழுவைக்காக இன்டேக் வாங்கத் தேவையில்லை.

படி 3: பழைய நிலையைப் பதிவு செய்யுங்கள்

ஈசியு விவரங்களைப் படிக்க உதவும் ஓபிடி சாக்கெட்டில் மாட்டும் ஒரு புளூடூத் கருவியும் செல்போன் ஆப்பும் வேண்டும். பார்க்க வேண்டியவை: ஆர்பிஎம், உள்வரும் காற்றின் வெப்பநிலை, ஸ்பார்க் டைமிங், குறுகிய கால, நீண்ட கால எரிபொருள் திருத்தங்கள் (ஈசியு பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்). எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேட்டால் கருவி திணறி நொடிக்கு ஒருமுறைதான் பதில் சொல்லும். ஓட்டத்துக்கு மூன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். திருத்தங்களை ஐடிலிலும் சீரான ஓட்டத்திலும் தனியாகக் குறித்துக்கொள்ளலாம்.

நேரத்துக்கு ஓபிடியை நான் நம்புவதில்லை. செல்போனைத் தாங்கியில் பொருத்தி ஆர்பிஎம் முள்ளை வீடியோ எடுங்கள். நொடிக்கு 60 படம் என்றால் துல்லியம் போதும். ஆள் இல்லாத, மட்டமான சாலையில், ஏசியை அணைத்துவிட்டு, மூன்றாவது கியரில் 1300-இல் உருண்டுகொண்டிருக்கும்போது முழுக்க மிதியுங்கள். முள் 1500-ஐக் கடப்பதிலிருந்து 3500-ஐக் கடப்பது வரை எத்தனை நொடி? போகும் திசையில் மூன்று முறை, திரும்பும் திசையில் மூன்று முறை. வேகம் பெரிதாகப் போகாது என்பதால் இது பாதுகாப்பான சோதனையும்கூட. ஆறு நொடி எடுக்கும் வண்டியில் டார்க் 3 சதவீதம் மாறினால் 0.2 நொடி மாறும். அதைப் பிடிக்க வேண்டுமென்றால் டேங்க் அளவு, ஆட்களின் எண்ணிக்கை, டயர் காற்று எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஆட்டோமேட்டிக்கில் கியரை மேனுவலில் பூட்ட முடிந்தால் சரி. கியர்ப் படிகளே இல்லாத சிவிடி-யில் முள்ளை வைத்து இதைச் செய்ய முடியாது, 20-இலிருந்து 60 கிலோமீட்டர் வேகத்துக்கு ஆகும் நேரத்தை எடுங்கள்.

இப்போது யாரும் செய்யாத பகுதி. வண்டியைப் பத்து நிமிடம் ஐடிலில் நிறுத்தி வைத்துவிட்டு, கிளம்பி உடனே அதே ஓட்டத்தை இன்னொரு முறை எடுங்கள். காற்று வெப்பநிலை வெளிவெப்பத்தைவிட எத்தனை டிகிரி மேலே, எத்தனை நொடியில் கீழே இறங்குகிறது என்று குறியுங்கள். கீழ் இழுவையின் உண்மையான பரீட்சை இதுதான்.

படி 4: எந்த வகை என்று முடிவெடுங்கள்

கம்பெனி பெட்டிக்குள்ளேயே போடும் மாற்று ஃபில்டர்: பாதுகாப்பானது. கீழே இழக்க எதுவும் இல்லை, பெற எதுவும் இல்லை. வலை மிகத் தளர்வாக இருந்தால் தூசி உள்ளே போகும் என்பதால், ஐஎஸ்ஓ 5011 முறையில் சோதித்த எண்களைத் தரும் ஃபில்டராகப் பாருங்கள்.

குட்டைக் குழாயும் திறந்த கூம்பும்: சத்தத்துக்கு அருமை. கீழ் இழுவைக்கு இருப்பதிலேயே மோசம்.

நீளக் குழாயோடு பம்பருக்குள் இறங்கும் வகை: காற்று குளிர்ச்சி, நீளமும் உண்டு, கீழே பெரும்பாலும் கெடுக்காது. ஆனால் வாய் தாழ்வாக இருக்கும். தேங்கிய நீரில் இறங்கினால் தண்ணீரை உறிஞ்சி கனெக்டிங் ராடு வளைந்துவிடும். மழைத்தண்ணீர் நிற்கும் சாலைகளில் ஓட்டுபவர் இதைத் தொடவே கூடாது என்பது என் கருத்து.

மூடிய பெட்டி, வெளிக்காற்றுக் குழாய் இரண்டும் உள்ள வகை: போட்டே ஆக வேண்டும் என்றால் இதுதான்.

படி 5: மாட்டும்போது

இன்ஜின் ஆறட்டும், பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுங்கள். கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு குழாய் இணைப்பையும் படம் எடுத்து வையுங்கள். பிரீதர் குழாய், சின்ன வாக்குவம் குழாய் என்று ஒன்றிரண்டு விடுபடுவது சகஜம்.

மாஃப் இருந்தால், சென்சார் உட்காரும் இடத்தின் உள்விட்டத்தை வெர்னியரால் அளந்து பழையதோடு ஒப்பிடுங்கள். அரை மில்லிமீட்டர் பரவாயில்லை. நான்கைந்து மில்லிமீட்டர் என்றால் ட்யூனிங் (ஈசியு-வின் கணக்கைப் புதுக் குழாய்க்கு ஏற்ப மாற்றுவது) இல்லாமல் மாட்டாதீர்கள். சென்சாரில் உள்ள அம்பு காற்று போகும் பக்கம் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் முடிந்தவரை நேரான குழாய் இருக்கட்டும். கூம்பையோ வளைவையோ ஒட்டி வைத்தால் சுழலும் காற்று எண்ணை ஆட்டிப்படைக்கும். பழைய குழாயில் சென்சாருக்கு முன் ஒரு தேன்கூட்டு வலை இருந்ததா? அது அழகுக்கு இல்லை.

எண்ணெய் தடவும் பருத்தி ஃபில்டர் என்றால் மிதமாகத் தடவி, ஓர் இரவு விட்டு மாட்டுங்கள். அதிகம் தடவினால் படலம் போய்க் கம்பியில் ஒட்டும். ஒட்டிவிட்டால் மாஃப் கிளீனர் ஸ்பிரேயால் மட்டும் சுத்தம் செய்யுங்கள். துணியோ பஞ்சுக்குச்சியோ தொடக்கூடாது.

வெப்பத் தடுப்புத் தகடு வந்திருந்தால் அதன் ரப்பர் விளிம்பு பானெட்டைத் தொட வேண்டும். ஒரு விரல் இடைவெளி இருந்தால் தகடு இருந்தும் இல்லாதது போலத்தான். கம்பெனி மூக்குக்குழாயை எறியாமல், அதன் வாய் புதுப் பெட்டிக்குள் திறக்கும்படி வைக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். நான் செய்த மாற்றங்களில் உருப்படியானது அது ஒன்றுதான்.

படி 6: பழகவிட்டு மறுபடியும் அளங்கள்

பேட்டரி கழற்றியதால் ஈசியு பழையதை மறந்திருக்கும். இரண்டு மூன்று நாள் எல்லா வகையிலும் ஓட்டுங்கள். முதல் நாள் உணர்வை வைத்து முடிவெடுக்காதீர்கள், அந்த நாள் காது சொல்வதைத்தான் கால் நம்பும்.

பிறகு எரிபொருள் திருத்தங்களைப் பாருங்கள். கூட்டலிலோ கழித்தலிலோ 10 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. ஐடிலிலும் ஓட்டத்திலும் ஒரே அளவில் மேலே ஏறியிருந்தால் சென்சார் குறைவாக அளக்கிறது, விட்டம்தான் பிரச்சினை. ஐடிலில் மட்டும் அதிகம், ஆர்பிஎம் ஏறினால் இறங்குகிறது என்றால் எங்கோ காற்றுக் கசிவு. விட்டுப்போன அந்தச் சின்னக் குழாயைத் தேடுங்கள். செக் இன்ஜின் விளக்கு எரிந்து பி0171 வந்தால் கலவையில் பெட்ரோல் குறைவு, பி0101 வந்தால் மாஃப் அளவு பொருந்தவில்லை, பி0113 வந்தால் காற்று வெப்ப சென்சாரின் வயரைத் திரும்ப மாட்ட மறந்திருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்து அதே சாலை, அதே நேரம், அதே ஆறு ஓட்டம், அதே பத்து நிமிட ஐடில். மாஃப் காட்டும் எண்ணைப் பழைய எண்ணோடு ஒப்பிட்டு, காற்று கூடிவிட்டது என்று மகிழ வேண்டாம். குழாய் மாறியபின் அந்த அளவுகோலே மாறிவிட்டது. நொடிகளை மட்டும் ஒப்பிடுங்கள்.

வித்தியாசம் 0.2 நொடி அளவில் இருந்தால், பழைய இன்டேக்கை மீண்டும் மாட்டி இன்னொரு முறை எடுங்கள். பழையது, புதியது, பழையது. இரண்டு பழைய எண்களும் தங்களுக்குள்ளேயே 0.2 நொடி வேறுபட்டால், நீங்கள் அளந்தது காற்றையும் வெயிலையும்தான்.

டர்போவும் டீசலும்

டர்போவில் கணக்கு கொஞ்சம் மாறுகிறது. டர்போவுக்கு முன்னால் இழக்கும் ஒவ்வொரு கிலோபாஸ்கலும் அழுத்த விகிதத்தால் பெருகும். இரு மடங்கு அழுத்தத்தில் ஓடினால் 1 கிலோபாஸ்கல் 2 ஆகிறது. அதனால் நல்ல இன்டேக்கில் டர்போ ஒரு துளி முன்னதாக எழலாம். ஆனால் எழுந்தபின் இவ்வளவு பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் அழுத்தம்) போதும் என்று ஈசியு பிடித்து நிறுத்திவிடும். டர்போ எழுவதற்கு முன், 1500-க்குக் கீழே, டர்போ இல்லாத இன்ஜினுக்குச் சொன்ன அதே கதைதான். வரும் விசில் சத்தத்தை இழுவை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

டீசலில் கீழ் இழுவையைத் தீர்மானிப்பது எவ்வளவு டீசல் ஊற்றலாம் என்பது. கரும்புகை வராமலிருக்க, மாஃப் காட்டும் காற்றை வைத்து ஈசியு அதற்கு வரம்பு போடுகிறது. சென்சார் குறைவாகச் சொன்னால் டீசலும் குறையும், கிளம்பும்போது வண்டி நேராகச் செத்துவிடும். டீசலில் மாஃப் குழாயின் விட்டத்தை மாற்றவே மாற்றாதீர்கள்.

படி 7: முடிவுக்கு ஏற்றபடி

ஆறிய நிலையில் நேரம் சமம், நெரிசலுக்குப் பின் மோசம் என்றால் சூடு. பெட்டியை மூடுங்கள், குழாய்க்கு வெப்பச் சுற்று போடுங்கள், வாயை முன்னுக்குக் கொண்டுபோங்கள். இரண்டு நிலையிலும் மோசம், திருத்தங்களும் தள்ளாடுகின்றன என்றால் சென்சார். விட்டம் பொருந்தும் குழாய் அல்லது ட்யூனிங் வேண்டும். எல்லா எண்ணும் சரி, ஆனால் ஒரே ஓர் ஆர்பிஎம்மில் மட்டும் தொய்வு என்றால் அலை. அதற்கு நீளத்தை மாற்றிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை, பத்து பதினைந்து சென்டிமீட்டர் கூட்டினாலே குழி நகரும்.

கம்பெனி பெட்டியை அதன் போல்ட், ரப்பர் புஷ், கிளாம்ப் எல்லாவற்றோடும் ஒரே பையில் போட்டு, பெயர் எழுதி வையுங்கள். நான் புஷ்களை மட்டும் தொலைத்துவிட்டேன். திரும்ப மாட்டிய பெட்டி இன்றும் 1200 ஆர்பிஎம்மில் கடகடவென்று ஆடுகிறது. அந்த மேட்டில் மூன்றாவது கியர் மட்டும் திரும்பக் கிடைத்துவிட்டது.